ஆங்கிலம் கற்பது யார் கடமை, கற்பிப்பது யார் கடமை?

2025 மார்ச் 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக ஆங்கிலத்தை ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாக அறிவித்தது. ஆங்கிலம் அறியாதவர்க்கும் அரசுச் சேவைகள் எட்டவேண்டும் என்று 2000இல் கிளின்டன் பிறப்பித்திருந்த ஆணை அதே கையெழுத்தால் நீக்கப்பட்டது. பிரிட்டனில், திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போர் காட்டவேண்டிய ஆங்கிலத் தரம் 2026 ஜனவரி 8 முதல் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதைச் செய்தது தொழிற்கட்சி அரசு. ஆகவே இதை வலதுசாரிகளின் கூச்சல் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு நாட்டுக்குப் பிழைக்க வருபவர் அந்நாட்டு மொழியைப் பேசவேண்டாமா என்ற கேள்வி எளிமையானது. கேட்பவருக்கு உடனே நியாயமாகவும் படுகிறது. இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களிலும் இதற்குத் தலையாட்டுவோர் பலர். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் கையில் உள்ளவர்க்கு இக்கேள்வி உறுத்துவதில்லை.

உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. குடியேறியவர் ஆங்கிலம் கற்பது நல்லதா என்பது ஒன்று. கற்காதவரைச் சட்டம் தண்டிக்கலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு ஆம் என்ற விடையைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். தன் வலியை மருத்துவரிடம் சொல்ல எட்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்லும் தாய்க்கும், கூலிச் சீட்டைப் படிக்க இயலாமல் தன் மொழி பேசும் தரகனையே நம்பிக் கிடக்கும் தொழிலாளிக்கும் ஆங்கிலம் தேவை. மொழியியல் பயின்றவர்கள் இவ்விடத்தில் பன்மொழியத்தின் சிறப்பைப் பாடிவிட்டு நழுவிவிடுவதுண்டு. அது நேர்மையன்று.

தமிழ் வாசகர்க்கு இங்கே 1965 நினைவுக்கு வரக்கூடும். அவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. தன் மண்ணில் வாழும் மக்கள்மீது வேறொரு மொழியை ஏற்றுவதும், வேற்று மண்ணைத் தேர்ந்து சென்றவரிடம் அம்மண்ணின் மொழியை எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல. வில் கிம்லிக்கா 1995இல் வெளியிட்ட நூலில் தேசியச் சிறுபான்மையினரையும் குடியேறிகளையும் இவ்வடிப்படையில்தான் பிரித்தார். விரும்பி வந்தவரிடம் ஒருங்கிணைவை எதிர்பார்க்கலாம், ஆனால் அதன் விதிகள் நியாயமாக இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். உயிர் தப்பி ஓடிவந்த அகதி இப்பிரிவினைக்குள் எளிதில் அடங்குவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே எதிர்பார்ப்பதில் தவறில்லை என்றே கொள்வோம். விதிகள் நியாயமானவைதாமா என்பதைத்தான் பார்க்கவேண்டியுள்ளது.

சட்டத்தால் எவர் நாவிலும் ஒரு மொழியின் இலக்கணத்தை ஊன்ற முடியாது. அதனால் இயல்வது தேர்வு வைத்து, தேறாதவரை மறுப்பது. மறுக்கும் அதிகாரம் என்னவெல்லாம் செய்யவல்லது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் தொடக்கத்தில் தமிழரும் இருக்கின்றனர். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர்ச் சொந்தப் பணத்தில் வணிகம் செய்ய இந்தியர் வரத் தொடங்கியதும் வெள்ளைக் குடியேறிகள் கொதித்தெழுந்தனர். 1897இல் நேட்டால் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் இயற்றியது. நாட்டுக்குள் நுழைபவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக்காட்டவேண்டும் என்றது அது. நிறத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது அதிலிருந்த விலக்கு: அரசு ஏற்ற திட்டத்தின்வழி அழைத்துவரப்பட்ட கூலிகளுக்கு இத்தேர்வு கிடையாது. கரும்பு வெட்டும் கைகளுக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. கடை திறக்க வந்தவருக்கு மட்டும் வேண்டியிருந்தது. மொழி ஒற்றுமைதான் நோக்கமென்றால் இவ்விலக்குக்கு விளக்கம் கிடையாது. அதே ஆண்டில் பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், ஆஸ்திரேலியக் குடியேற்றங்களின் முதல்வர்களுக்கு இம்முறையைப் பரிந்துரைத்தார்.

ஆஸ்திரேலியா அப்பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதிகாரி ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார். வந்திறங்கியவர் கேட்டு எழுதவேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் நன்கறிந்தவருக்கு வேறொரு மொழியில் சொல்வதெழுதல் வைக்கலாம். 1909க்குப் பின் அத்தேர்வில் ஒருவர்கூடத் தேறவில்லை. 1934இல் நாஜி எதிர்ப்பாளரான எகோன் கிஷ் வந்தார். பிராகில் பிறந்த இதழாளர், பல மொழிகள் அறிந்தவர். அவரைத் தடுக்க அரசு தேர்ந்தெடுத்த மொழி ஸ்காட்டிஷ் கேலிக். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அச்சட்டத்தின் பொருளில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழி அன்று என்று தீர்ப்பாயிற்று. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்திக் கிளையைச் சேர்ந்து, ஐரோப்பாவிலேயே பேசப்பட்டுவரும் ஒரு மொழிக்கு நேர்ந்த கதி இது. வகுப்பறையில் சொன்னால் மாணவர் சிரிப்பர். ஆனால் அத்தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

அவை இனவெறியின் முகமூடிகள், இன்றைய தேர்வுகள் தரப்படுத்தப்பட்டவை, எல்லார்க்கும் ஒரே வினாத்தாள் என்று மறுமொழி வரும். அது பெருமளவு உண்மையே. பி2 தேர்வை நடத்துபவர் நேட்டால் அதிகாரி அல்லர். எனினும் ஒரே வினாத்தாள் எல்லாரிடமும் ஒரே அளவு கேட்பதில்லை. 2010 நவம்பர் முதல் பிரிட்டன் தன் குடிமக்களின் வெளிநாட்டு வாழ்க்கைத்துணையிடம், நாட்டுக்குள் வருமுன்னரே ஏ1 நிலை ஆங்கிலத்தை எதிர்பார்க்கிறது. ஏ1 மிக எளிய நிலைதான். பெயர் சொல்லவும் விலை கேட்கவும் போதுமானது. ஆனால் கற்பிப்பவரும் தேர்வு மையமும் இல்லாத சிற்றூர்ப் பெண்ணுக்கு அது எளிதன்று; பயணச் செலவும் தங்கும் செலவும் தேர்வுக் கட்டணத்தைத் தாண்டிவிடும். பாகிஸ்தானையும் ஏமனையும் சேர்ந்த இரு கணவர்கள் தொடர்பான வழக்கில் 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் விதியைச் செல்லாததாக்கவில்லை. ஆனால் விலக்கு வழங்குவதற்கான வழிகாட்டுதல் மிகக் குறுகலானது, அதை அப்படியே கையாண்டால் பலரின் குடும்ப வாழ்வுரிமை மீறப்படக்கூடும் என்று சுட்டியது.

இனி அரசின் கணக்கேட்டுக்கு வருவோம். இந்த விதி வந்த 2010க்கும் 2016க்கும் இடையில், இங்கிலாந்தில் பெரியவர்க்கு ஆங்கிலம் கற்பிக்க அரசு ஒதுக்கிய நிதி பாதிக்கும் கீழாகச் சுருங்கியது. அதன் பிறகுதான், 2016 ஜனவரியில், பிரதமர் கேமரன் முஸ்லிம் பெண்கள் ஆங்கிலம் கற்காததைக் குறித்துக் கவலை தெரிவித்து 2 கோடி பவுண்டு அறிவித்தார். பள்ளியை மூடிவிட்டு வருகைப்பதிவேட்டைத் தூக்கிக்காட்டும் தலைமையாசிரியரைப் போன்றது இது.

நாட்டுக்குள் ஏற்கெனவே வாழ்வோரிடம் மொழியைத் திணித்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்றுண்டு. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங், பள்ளிகளில், பொதுவிடங்களில், தொடர்வண்டிகளில், தொலைபேசியில்கூட ஆங்கிலமே பேசவேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டார். தேவாலயப் பிரசங்கங்களுக்கும் அது பொருந்தியது. குறி ஜெர்மானியர்கள். நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்பித்ததற்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் தடையின்கீழ்ப் பயின்றுவிட்டனர்.

அக்குழந்தைகள் பின்னாளில் என்ன ஆயினர் என்பதை வாசிலிகி ஃபூகா ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 2020இல் வெளிவந்தது. பள்ளிகளில் ஜெர்மன் தடைசெய்யப்பட்ட ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களையும், தடையில்லாத அண்டை மாநிலங்களையும் அவர் ஒப்பிட்டார். தடைக்குள்ளான ஜெர்மானிய வழியினர் தம் இனத்துக்குள்ளேயே மணந்துகொள்வது கூடியிருந்தது. பிள்ளைகளுக்கு ஜெர்மானியப் பெயர்களை வைப்பதும் கூடியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் தாமாக முன்வந்து படையில் சேர்வது குறைந்திருந்தது. அமெரிக்கராக்குவதற்கென்றே இயற்றிய சட்டம் அவர்களை மேலும் ஜெர்மானியராக்கியது. சட்டத்தின் துணையின்றியே குடியேறிகளின் மொழி மூன்றாம் தலைமுறைக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு இடம்விட்டுவிடுகிறது என்பது மொழிப்பெயர்ச்சி ஆய்வுகளில் பழைய செய்தி. தானே நடப்பதைத் தடியெடுத்து நடத்தப்போய் அங்கே கெடுத்துக்கொண்டார்கள்.

தொழில் சார்ந்த தேவை இதிலிருந்து வேறு. சாலைப் பலகையைப் படிக்கத் தெரியாதவர் நாற்பது டன் லாரியை ஓட்டக்கூடாது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்க்கான ஆங்கில விதி நெடுங்காலமாக உண்டு. 2025 ஜூன் 25 முதல் அதில் தவறுபவர் அவ்விடத்திலேயே வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. பஞ்சாபி ஓட்டுநர் பலரிடம் அது அச்சத்தை விளைவித்தது. ஆனால் சோதனை நடப்பது சாலையோரத்தில், அதிகாரியுடன் பேசும் உரையாடலில். மொழிபெயர்ப்பாளரோ கைப்பேசிச் செயலியோ கூடாது. அங்கே அளக்கப்படுவது ஓட்டுநரின் ஆங்கிலம் மட்டும்தானா? டொனால்டு ரூபின் 1992இல் வெளியிட்ட சோதனையில், ஓர் அமெரிக்கரின் ஒரே ஒலிப்பதிவை இரு மாணவர் குழுக்கள் கேட்டன. ஒரு குழுவுக்கு வெள்ளைப் பெண்ணின் படத்தையும், மற்றதற்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினர். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாத அந்நிய உச்சரிப்பைக் கேட்டனர். பாடத்தையும் குறைவாகவே உள்வாங்கினர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துணையாசிரியராகப் பணியாற்றிய இந்திய மாணவர் பலர்க்கு இது புதுச்செய்தியாக இராது. தொழிலுக்கு மொழி வேண்டுமெனில் தேர்வு அத்தொழிலைப் போலவே இருக்கட்டும். பலகையைக் காட்டிப் பொருள் கேட்கட்டும். ஓர் அதிகாரியின் காதுக்கு ஒருவர் பிழைப்பை ஒப்படைப்பது அளவீடாகாது.

நியாயமான விதி எப்படி இருக்கும் என்பதற்கும் ஆஸ்திரேலியாவையே பார்க்கலாம். சொல்வதெழுதல் தேர்வு சட்டத்தில் இருந்தபோதே, 1948இல், போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் அரசுத் திட்டத்தை அந்நாடு தொடங்கியது. அன்று அது வெள்ளையர்க்கானதே. ஆனால் திட்டம் நிலைத்தது, எல்லார்க்கும் விரிந்தது. பல ஆண்டுகள் தலைக்கு 510 மணிநேரம் இலவசமாகக் கற்பித்தார்கள். 2021இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். இத்தகைய வகுப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும், வேலை முடிந்தபின் வரத்தக்க நேரமும் சேர்த்து அமையுமானால், வகுப்புக்கு வரவேண்டும் என்று கேட்கும் தகுதி அரசுக்கு உண்டாகிறது. அப்போதும் கேட்கத்தக்கது வருகையையே. தேர்ச்சியைக் கேட்கலாகாது. தாய்மொழியிலேயே எழுத்தறியாத ஐம்பது வயதினர்க்கும் பொறியியல் படித்த இருபத்தைந்து வயதினர்க்கும் ஒரே காலக்கெடு விதிப்பது, முதிர்ந்த வயதில் இரண்டாம் மொழி கற்பது பற்றி அறியப்பட்டவை அனைத்தையும் புறக்கணிப்பதாகும்.

அமெரிக்கச் சட்டம் இதை முன்பே உணர்ந்திருக்கிறது. அங்கே குடியுரிமைக்கு ஆங்கிலம் பேசத்தெரிய வேண்டும் என்ற விதி 1906 முதல் உண்டு. இன்று விண்ணப்பிப்பவர் மூன்று வாக்கியங்களில் ஒன்றைப் படித்து, மூன்றில் ஒன்றை எழுதிக்காட்டவேண்டும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டி, நிரந்தரக் குடியிருப்பாளராக இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்க்கு அது வேண்டாம். வரலாறும் அரசமைப்பும் பற்றிய வினாக்களுக்குத் தம் மொழியிலேயே விடைசொல்லி அவர் குடிமகனாகலாம். ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கிய 2025ஆம் ஆண்டு ஆணையும் அவ்விலக்கைத் தொடவில்லை.