பேப்பர் என்ன பண்ணும்?

"கோர்ட் ஆர்டர்ங்கிறது வெறும் பேப்பர் மச்சி. ஓங்கின கையை பேப்பர் தடுக்குமா?"

போன வாரம் டீக்கடையில் நண்பன் உதிர்த்த தத்துவம். கூட நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அங்கே வாய் வரவில்லை, அதனால் இங்கே.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதன் 18-வது பிரிவில் மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம். அடிக்காதே, அவ வேலை பார்க்கிற இடத்துக்குப் போகாதே, போன்ல தொல்லை பண்ணாதே.

உத்தரவு இல்லாம அவன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா ஸ்டேஷன்ல என்ன சொல்லுவாங்க? "புருஷன்தானேம்மா, பேச வந்திருப்பாரு." அங்கே போகாதேன்னு உத்தரவு இருந்தா வந்து நிற்கிறதே குற்றம். ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம். அடுத்த அடி விழும் வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பேப்பரோட வேலையே அதுதான் சாமி!

அடுத்த பாட்டு, "எல்லாம் பொய் கேஸு." சரி, ஒரு பேச்சுக்கு அப்படியே வெச்சுக்குவோம். இந்த உத்தரவு போட்டதும் யாரையும் உள்ளே தள்ளுறதில்லை. ஜாயிண்ட் அக்கவுண்ட்ல கை வைக்காதேன்னு போட்டா கொஞ்சம் சிரமம்தான், ஒத்துக்கறேன். மாத்தச் சொல்லி மனு போடலாம், 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். மத்தபடி, அடிக்காதவனை "அடிக்காதே"ன்னு சொன்னா அவனுக்கு என்ன நஷ்டம்?

அப்போ பேப்பர் ஏன் பல இடத்துல தோத்துப் போகுது? மனு கொடுத்தா சாதாரணமா 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயற்சி பண்ணணும், அவசரம்னா எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு, ஸ்டேஷனுக்கு இலவசமா நகல். எல்லாம் சட்டத்திலேயே இருக்கு. இதையெல்லாம் ஓடி நடத்த வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். அந்த அலுவலர்களை இன்னும் நியமிக்காத மாநிலங்கள் நியமிக்கணும்னு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினெட்டு வருஷம் கழிச்சு! கோட் எழுதியாச்சு, சர்வர்ல ஏத்தலை. ஓடலைன்னதும் கோட் எழுதினவனைத் திட்டறோம்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி மாடி வீட்டு அக்கா, "கோர்ட்டுக்குப் போனா ஏதாவது நடக்குமா தம்பி?"ன்னு கேட்டாங்க. டீக்கடை நண்பன் சொன்ன அதே வசனத்தைத்தான் நானும் சொன்னேன், பெரிய அறிவாளி மாதிரி. "சரிப்பா"ன்னு திரும்பிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட எதையும் கேட்டதில்லை. மாடியில சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அதனால மக்களே, யாராவது கேட்டா தத்துவம் பேசாதீங்க. 181-க்கு போன் போட்டுக் கொடுங்க. உத்தரவு வாங்கினா, நகல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு கூடப் போய்க் கேளுங்க. பேப்பர் தானா நடந்து போகாது. யாராவது எடுத்துக்கிட்டுப் போகணும்.