தாத்தா வாங்கிய பதக்கம் காயலான் கடைக்கா?

பர்மாவிலும் இத்தாலியிலும் சண்டை போட்டு வாங்கி வந்த பதக்கங்கள் இன்று எங்கே? சில வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் தூங்குகின்றன. சில வீடுகளில் கேட்டால், "அதுவா? பழைய பித்தளையோட எடைக்குப் போட்டாச்சே!" என்கிறார்கள்.

போட்டது பித்தளை அல்ல. ஒரு மனிதனின் பெயர்!

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். கட்டாயம் கிடையாது, தாமாகவே சேர்ந்தவர்கள். சென்னை மாகாணத்துக் கிராமங்களில் இருந்து போனவர்கள் ஏராளம். 1945-ல் சண்டை முடிந்ததும், "போய் வா" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலருக்குப் பென்ஷன்கூடக் கிடையாது. மிஞ்சியது பதக்கம் மட்டும்தான்.

வெள்ளியா, இல்லையா?

1914-18 போருக்குக் கொடுத்த 'பிரிட்டிஷ் வார் மெடல்' அசல் வெள்ளி. ஒருபக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை வீரன். வெள்ளி என்பதே அதற்கு எமன் ஆனது. 1980-ல் வெள்ளி விலை எகிறியபோது, இங்கிலாந்திலேயே இதை ஏராளமாக உருக்கித் தள்ளினார்கள். நம் ஊர் அடகுக் கடைத் தராசு மட்டும் சும்மா இருந்திருக்குமா?

1939-45 போருக்கான 'வார் மெடல்' வெள்ளி மாதிரி மின்னும். இரட்டைத் தலை அசுரப் பாம்பின் மேல் சிங்கம் நிற்கும். ஆனால் அது செம்பும் நிக்கலும் கலந்தது. 'பர்மா ஸ்டார்' ஆறு முனை நட்சத்திரம். அது வெறும் மஞ்சள் உலோகம். உருக்கினால் டீக்காசு தேறினால் அதிகம்!

விளிம்பைப் பாருங்கள்

வட்டப் பதக்கம் என்றால் விளிம்பை, நட்சத்திரம் என்றால் முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பொடி எழுத்தில் நம்பர், பெயர், படைப்பிரிவு இருக்கும். இரண்டாம் போரில் இங்கிலாந்துச் சிப்பாய்க்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் இல்லை. நம் சிப்பாய்க்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தார்கள். அந்த ஒரு வரியை வைத்து, அவர் எந்தப் படையில் இருந்தார் என்று தேடிப் பிடிக்கலாம்.

இதைத் தெரியாமல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பளபளப்பு வரும், பெயர் தேய்ந்து போகும். அழுக்கு இருந்தால் இருக்கட்டும். காய்ந்த பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும். நைந்த ரிப்பனையும் வீசக் கூடாது. டிஸ்சார்ஜ் காகிதம், பழைய போட்டோ இருந்தால் கூடவே வைக்க வேண்டும். யாருடையது, எங்கே சண்டை போட்டார் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதியும் வைக்க வேண்டும்.

1965 போரின் 'சமர் சேவா ஸ்டார்', 1971-ன் 'பூர்வி ஸ்டார்', 'பஸ்சிமி ஸ்டார்' ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கும், 1997-ல் பொன்விழாவுக்கும் கொடுத்த நினைவுப் பதக்கங்களை, "எல்லாருக்கும் குடுத்ததுதானே" என்று அலட்சியம் செய்ய வேண்டாம்.

செட்டைப் பிரிக்காதீர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் தேடுபவர்கள் அனைவரும் கெட்டவர்கள் அல்ல. காயலான் கடை அடுப்பில் இருந்து பதக்கத்தைக் காப்பாற்றுபவரே சேகரிப்பாளர்தான். ஆனால் ஒரே ஆளின் நான்கு பதக்கங்களைப் பிரித்து, நான்கு பேருக்கு விற்பது அநியாயம். நாலும் சேர்ந்தால்தான் ஒரு சிப்பாயின் கதை!

கஷ்டத்துக்கு விற்கிற குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விற்கும் முன் படம் எடுத்து, பெயரைக் குறித்து வைத்தால் கதையாவது வீட்டில் தங்கும்.

அரசு என்ன செய்யலாம்?

மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பதக்கம் கொண்டு வருபவரின் பெயர், நம்பர், படம். மூன்றையும் பதிந்து கொண்டு பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்து விடலாம். செலவு என்ன ஆகிவிடும்? கொடுக்க விரும்புவோர் எங்கே கொடுப்பது என்பதையும் அங்கேயே சொல்லலாம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்த சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944-ல் இத்தாலியில் சகாக்கள் பிழைக்கக் கண்ணிவெடி மேல் தானே விழுந்து உயிரை விட்டார். அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' கிடைத்தது. அவர் பெயராவது புத்தகத்தில் இருக்கிறது. மற்றவர்களின் பெயர்?

கோட்டை எதிரே போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டித் தினமும் ஆயிரம் பஸ் போகிறது. அங்கே மலர் வளையம் வைக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் கிடக்கும் பெயரைக் காப்பாற்ற வேண்டியது வீட்டுக்காரர்கள்தான். உருக்கிவிட்டால் போனது போனதுதான்!