எறும்பைப் படைக்கத் தெரியாதவர்கள்

“விண்கலம் விடுகிற விஞ்ஞானியே, ஓர் எறும்பை உன்னால் படைக்க முடியுமா?” இந்த வினா எழாத தியான மேடை நம் தமிழகத் திருச்சபையில் உண்டா என்பது ஐயமே. வினா எழுந்ததும் கூட்டத்தில் ஒரு சிரிப்பலை. அதைத் தொடர்ந்து ‘அல்லேலூயா’. இளங்குருவாக இருந்த நாளில் நானும் இதைக் கையாண்டவன்தான். கைதட்டல் பெறுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆயினும் இன்று கேட்கிறேன்: எந்த விஞ்ஞானி, எந்த நாளில், எறும்பைப் படைத்துக் காட்டுவதாகச் சவால் விட்டார்? அவர் தொழில் எறும்பைப் படைப்பதன்று, எறும்பைப் பார்ப்பது. பார்ப்பது எத்துணைக் கடினமான தொழில் என்பதை அறியாததால்தான் நாம் நையாண்டி செய்துகொண்டிருக்கிறோம்.

நையாண்டி செய்யாத வேளைகளில் அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறோம். ‘பெருவெடிப்புக் கொள்கையைத் தந்தவரே ஒரு கத்தோலிக்கக் குரு, ஆகவே அறிவியல் நம் பக்கம்’ என்று மார்தட்டுகிறோம். பெல்ஜிய நாட்டுக் குருவான ஜார்ஜ் லெமெய்த்தர் 1927இல் பேரண்டம் விரிவடைவதைக் கணக்கிட்டு எழுதினார். 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவினின்று தொடங்கியிருக்கக்கூடும் என்றார். இது உண்மையே. ஆனால் 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், படைப்புக்கு அறிவியலே சான்று பகர்வதுபோல் உரையாற்றியபோது அதை விரும்பாதவர் அதே லெமெய்த்தர்தான் என்பதை நம் மேடைகள் சொல்வதில்லை. தம் கணக்கு தவறாகலாம், நாளை வேறொருவர் திருத்தலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. அவர் தம் கருத்தை உரியவரிடம் எடுத்துரைத்தார் என்பர். அடுத்த ஆண்டு வானியலாளரிடையே பேசிய திருத்தந்தை அவ்வாறு சொல்லவில்லை. விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய கடமை விஞ்ஞானிக்கு இல்லை என்று ஒரு குரு திருத்தந்தைக்கே உணர்த்தினார். நமக்கு உணர்த்துவார் யாரோ?

தொலைவில் உள்ளவரைப் பேசுவது எளிது. நம் மதுரைக்கு வருவோம்.

எம்.கே. சந்திரசேகரன் என்ற பெயர் நம் வாசகருள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் எர்வின் பியூனிங் என்ற பேரறிஞரிடம் பயின்று, பழ ஈக்கள் கூட்டுப்புழு நிலையிலிருந்து வெளிப்படும் நேரத்தை ஆராய்ந்தவர். விரும்பியிருந்தால் அயல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, 1990களின் நடுப்பகுதிவரை இங்கேயே உழைத்தார். 2009இல் மறைந்தார். அவர் கேட்ட வினா மிக எளியது: உயிர்களுக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

இது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த வினாதான். பொழுது சாய்ந்தபின் இலை பறிக்கப்போனால், ‘செடி உறங்குகிறது, தொடாதே’ என்பார்களே! புளியமரம் மாலையில் இலை கூம்புவதைப் பார்க்காதவர் யார்? 1729இல் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அது உரிய வேளையில் இலை விரித்தது. அப்படியானால் கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது. பாட்டி பார்த்தாள், அவர் பார்த்ததோடு நில்லாமல் இருட்டறையிலும் வைத்தார். பார்ப்பதற்கும் ஆராய்வதற்கும் உள்ள வேறுபாடு அந்த இருட்டறைதான்.

சந்திரசேகரனுக்கும் அவர் மாணவருக்கும் இருட்டறையாக அமைந்தவை பல்கலைக்கழகத்தை அடுத்த குன்றுகளின் குகைகள். பண்டு சமண முனிவர் தவமிருந்த பாறைகள் அந்தப் பக்கத்தில்தான் உள்ளன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புன்முறுவல். பகலொளி எட்டாத குகையின் உட்புறத்தில், இரவு பகல் என்ற வேறுபாடே தெரியாத இடத்தில், இலைமூக்கு வௌவால்களைக் கூண்டில் வைத்தனர். சூரியனைக் காணாத அந்த வௌவால்கள், குகையில் தம் இனத்தார் உடனிருந்தபோது, அவர்கள் அந்தியில் இரைதேடப் பறந்து போகும் அதே வேளையில் தாமும் சிறகடித்தன. தம் இனத்தார் இல்லாத குகையில் தனித்து விடப்பட்டவற்றின் நேரமோ நாள்தோறும் சிறிது சிறிதாக நழுவி, வெளியுலகின் நாளோடு ஒட்டாது போயிற்று. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகிய மூவரும் 1981இல் இதை வெளியிட்டனர். கதிரவனால் மட்டுமன்று, உடன்வாழ்வோரின் வரவாலும் போக்காலும் ஓர் உயிர் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்பதே அவர்கள் கண்டது.

பிற்காலத்தில் மனிதருக்கும் அத்தகைய அறையொன்றைப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைத்தனர். கடிகாரம் இல்லை, வானொலி இல்லை, செய்தித்தாள் இல்லை, சன்னல் இல்லை. தாமாக முன்வந்தோர் அதனுள் வாரக்கணக்கில் தனித்திருந்தனர். விழிப்பும் உறக்கமுமான அவர்களது ‘நாள்’ 24 மணியைத் தாண்டி நீண்டது. சிலருக்கு மிகவும் நீண்டது. முப்பது நாள் தியானம் செய்த குருக்களுக்கே இத்துணைத் தனிமை வாய்த்ததில்லை.

‘இதனால் என்ன பயன்?’ என்று உடனே கேட்பீர்கள். இரவுப்பணி செய்யும் செவிலியர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் உடல் ஏன் தளர்கிறது என்பதை விளக்குவது இந்தத் துறைதான். பழ ஈயின் உடற்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்ட மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த விடையை நான் முன்வைக்க மாட்டேன். நற்கருணை ஆராதனையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவரிடம் ‘இதனால் என்ன பயன்?’ என்று நாம் கேட்பதில்லையே! சாலமோனின் ஞானம் என்ற நூலின் ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். காலங்களின் தொடக்கமும் முடிவும், விலங்குகளின் இயல்பு, செடிகளின் வகை, வேர்களின் ஆற்றல் ஆகியவற்றை அறிந்ததைக் கடவுளின் கொடையாகவே அது பேசுகிறது. லேவியர் நூல் வௌவாலைத் தீட்டுள்ள பறவைகளோடு சேர்த்திருக்கிறது. அது பறவையன்று என்று சொன்னவர்களும் விவிலியத்துக்குப் பகைவர் அல்லர்.

இவ்வளவு பேசும் எனக்கு ஒரு கடன் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மதுரை கே.கே. நகரில் என் பங்கைச் சேர்ந்த ஓர் இல்லத்திற்கு அழைக்கப்பட்டேன். அவ்வீட்டு மகள் விலங்கியல் முதுகலையில் சிறப்பாகத் தேறி, ஆய்வுப் பட்டத்திற்கு இடமும் பெற்றிருந்தாள். தந்தைக்கு மனமில்லை. “வௌவால் பிடிக்கவா சாமி இவளப் படிக்க வச்சேன்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார். சொன்னேன். பி.எட். படிக்கலாம், ஆசிரியப் பணியும் இறைப்பணியே, குடும்ப நிலையை எண்ணிப் பார் என்று மறையுரைக் குரலிலேயே சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “சாமி, நீங்க குருமடத்துக்குப் போறேன்னு சொன்னப்ப உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?”

என் தந்தை ஓராண்டு என்னோடு பேசவில்லை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இறையழைத்தல் என்ற சொல்லைக் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் பட்டியலோடு வந்து செபிக்கச் சொல்லும் பெற்றோர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செபிக்கச் சொல்கின்றனர். தம் பிள்ளை ஆய்வாளராகட்டும் என்று கேட்ட ஒருவரையும் நான் இன்றளவும் கண்டதில்லை. ஊதியம் குறைவு, உறுதி இல்லை, நாற்பது வயதிலும் நிலையான பணி கிடையாது என்ற அவர்களின் அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தை நீக்க நாம் எதுவும் செய்ததில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

கிரகோர் மெண்டலை விவிலிய வினாடி வினாவில்கூடக் கேட்கிறோம். ‘மரபியலின் தந்தையான துறவி யார்?’ என்றால் சிறுவர் கை தூக்குவர். ஆசிரியர் தேர்வில் தேறாத அந்தத் துறவி 1856 முதல் எட்டு ஆண்டுகள் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். 1866இல் வெளியான கட்டுரையை உலகம் 1900இல்தான் கண்டுகொண்டது. அவரோ 1884இலேயே இறந்திருந்தார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய மடத்துத் தலைவர் சிரில் நாப் என்பவரை எவரும் கேட்பதில்லை. மடத்துத் தோட்டத்தில் கண்ணாடிச் செடிக்கூடம் கட்டிக் கொடுத்தவர் அவர். பட்டாணி எண்ணும் துறவியிடம் ‘இதனால் மடத்துக்கு என்ன வருமானம்?’ என்று அவர் கேட்டிருந்தால் மெண்டல் ஏது?

நம்மிடமும் நாப்புகள் இருந்தனர். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவர இல்லத்தில் சேசு சபைக் குரு கே.எம். மேத்யூ, உலர்ந்த இலைகளோடு ஆயுளைக் கழித்தார். 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை மூன்று தொகுதிகளாகத் தந்தார். அவருக்கு முன்னரே, அதே மலையில், செண்பகனூரில், அருள்தந்தை ஆங்லாத் தாவரங்களைத் தூரிகையால் பதிவு செய்திருந்தார். ஒரு துறவற சபை அவர்களுக்குச் சோறும் கூரையும் தந்து, ‘இலைகளைப் பாருங்கள்’ என்று விட்டுவைத்தது. சபைக்கு இயன்றது பங்குக்கு இயலாதா?

சென்ற பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒன்றை முன்வைத்தேன். திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகையில் பாதியை எடுத்து, அடிப்படை அறிவியலில் ஆய்வு செய்யும் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ ஐந்தாண்டுகள் உதவலாம் என்றேன். “அதனால பங்குக்கு என்ன பிரயோசனம் சாமி?” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தனர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. வரும் கூட்டத்தில் நாப்பின் செடிக்கூடத்தைச் சொல்லி மீண்டும் முன்வைப்பேன். கே.கே. நகர்ப் பெண் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. அன்று வௌவாலைப் பற்றி அவள் ஆராய விரும்பியது என்னவென்று சென்ற ஞாயிறுதான் முதன்முறையாகக் கேட்டேன். திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் அரை மணி நேரம் சொன்னாள். அதையே பேரவையிலும் வந்து சொல்ல இசைந்திருக்கிறாள்.