அப்பா அம்மாவை ஊருக்கு எதுல அனுப்பலாம்? ரயிலா, வாடகைக் காரா?

போன வாரம் ராத்திரி டூட்டியில ஒரு ஆச்சி வந்தாங்க. வயசு 71. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ரெண்டு காலும் வீங்கி, நுரையீரல்ல நீர் கோத்து, படுக்கவே முடியல. ஏற்கெனவே இதய பலவீனத்துக்கு மாத்திரை எடுக்கிறவங்க.

"மாத்திரைய விட்டுட்டீங்களா ஆச்சி?"

"நீர் மாத்திரைய மட்டும் ரெண்டு நாளா போடல சார். மெட்ராஸ்ல இருந்து கார்ல வந்தோம்லா. அதப் போட்டா அரை மணிக்கு ஒருக்கா போகணும். எத்தன தடவ வண்டிய நிப்பாட்டச் சொல்ல? அந்த டிரைவர் தம்பி என்ன நெனப்பான்?"

கார் புக் பண்ணினது மகன். அம்மா பெட்டி தூக்கிக் கஷ்டப்படக் கூடாதுன்னு பாசத்துல பண்ணினது. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கதை எனக்குப் புதுசு இல்ல. புராஸ்டேட் வீக்கம் இருக்கிற தாத்தாக்கள் காலையில இருந்தே தண்ணி குடிக்காம கார்ல ஏறுவாங்க. சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டு, "நல்ல ஹோட்டல் வரட்டும்"னு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மயங்கினவங்களும் உண்டு.

திருநெல்வேலி - சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல. கார்ல 10 மணி நேரம் சாதாரணமா ஆகும். 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் பண்ணினா, காலில் ரத்தம் உறையுற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு 2007லயே சொல்லிச்சு. விமானத்துக்கு மட்டும் இல்ல. கார், பஸ், ரயில் எல்லாத்துக்கும்தான். ஆனா ரயில்ல கால நீட்டிப் படுக்கலாம், எழுந்து நாலு எட்டு நடக்கலாம். முக்கியமா, கழிப்பறைக்குப் போக யார்கிட்டயும் கேட்க வேண்டாம். (அது எவ்வளவு சுத்தமா இருக்கும்ங்கிறது வேற பஞ்சாயத்து.)

அதனால நீண்ட தூரத்துக்கு என் ஓட்டு ரயிலுக்குத்தான். ராத்திரி ஏறி விடியக்காலை இறங்குற நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டி, கீழ் பெர்த். வந்தே பாரத் வேகம்தான், சுமார் 8 மணி நேரத்துல போயிடும். ஆனா முழுக்க உட்கார்ந்தே போகணும். மணிக்கொரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்க.

கீழ் பெர்த் கிடைக்கலன்னு புலம்புறவங்களுக்கு ஒரு விஷயம். 60 வயசு தாண்டின ஆண்கள், 45 தாண்டின பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு. ஒரு டிக்கெட்டுல அவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் இருந்தாதான் அது கிடைக்கும். பேரன் பேத்தியை எல்லாம் ஒரே டிக்கெட்டுல சேர்த்தீங்கன்னா அந்த வாய்ப்பு போச்சு. பெரியவங்களுக்குத் தனி டிக்கெட் போடுங்க.

சரி, ரயில்ல ஆபத்தே இல்லையா? இருக்கு, பெட்டியில. ரெண்டாம் வகுப்பு ஏசிக்கு 50 கிலோ வரை இலவசமா கொண்டுபோகலாம்னு ரயில்வே சொல்லுது. 70 வயசுல அதை யார் தூக்குறது? ஒரு கையில அரிசிப் பை, இன்னொரு கையில கருப்பட்டி, பிடிக்கிறதுக்குக் கை இல்லாம படியில கால் வைப்பாங்க. விழுந்தா இடுப்பெலும்பு. அந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா பலர் பழைய நடைக்குத் திரும்புறதே இல்ல.

சாமானை முந்தின நாளே பார்சல் சர்வீஸ்ல போடுங்க. கையில ஒரே ஒரு சின்னப் பை. அதுல ஒரு வாரத்து மாத்திரை, மருந்துச் சீட்டு, பிஸ்கட், தண்ணி. 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூர்ல கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னது ஞாபகம் இருக்கா? தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியை வெள்ளம் அரிச்சுட்டுப் போயிருந்தது. சுமார் 800 பேர். எல்லாரையும் மீட்க 19ஆம் தேதி ஆச்சு. அன்னிக்கு ரோடும்தான் துண்டாகிக் கிடந்துச்சு. ஒரு வேளை மாத்திரை மட்டும் எடுத்துட்டு வந்தவங்க நிலைமையை யோசிங்க.

காரை வேண்டாம்னு சொல்லல. நவதிருப்பதி, நவகைலாயம் சுத்த கார்தான் சரி. படியே ஏற முடியாதவங்க, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கும் கார்தான். அம்பைக்காரங்களா? ஊர் ஸ்டேஷன்ல வண்டி கொஞ்ச நேரம்தான் நிக்கும், அவசரமா ஏறணும். ஜங்ஷன் வரைக்கும் கார்ல கூட்டிட்டுப் போங்க. நெல்லை எக்ஸ்பிரஸ் அங்கதான் புறப்படுது, நிதானமா ஏத்தி உட்கார வைக்கலாம். கார்லயே முழுசா போறதா இருந்தா, ஒண்ணரை மணிக்கொரு தடவை நிறுத்தணும்னு டிரைவர்கிட்ட நீங்களே முதல்ல சொல்லிடுங்க. அவங்க வாயால கேட்க மாட்டாங்க. நீர் மாத்திரையோட நேரத்தை மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

இன்னொரு கோபமும் இருக்கு. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம்னு இருந்த மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்ல நிறுத்தினாங்க. கொரோனா போய் இத்தனை வருஷம் ஆச்சு, சலுகை வரல. "ரெண்டு டிக்கெட், ரெண்டு பக்கமும் ஆட்டோ, அதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா கார்"னு வீட்டுல கணக்குப் போடுறாங்க. அந்தக் கணக்கு வார்டுல வந்து முடியுது.

ஆச்சி நாலு நாள்ல தேறி வீட்டுக்குப் போயிட்டாங்க. அடுத்த தடவை ரயில்தான், கீழ் பெர்த்தான்னு மகன் சொல்லியிருக்காரு. மாங்காய் ஊறுகாய் பரணியை மட்டும் பார்சல்ல போட மாட்டேன், மடியில வச்சுக்கிட்டுத்தான் போவேன்னு ஆச்சி அடம். உப்பே தொடக்கூடாதுன்னு நான் சொன்னது அவங்களுக்கு இல்லையாம், மருமகளுக்காம்.