எதிரே நிற்பது யார்?

திரையில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஒருவர் அதட்டுகிறார், மற்றவர் நடுங்குகிறார். இருவரும் ஒரே நடிகர்! "ஏண்டி, இதை எப்படித்தான் எடுக்கிறார்களோ?" என்று கொட்டகையில் ஒரு மாமி வியக்காமல் இருப்பதில்லை. 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'உத்தமபுத்திர'னில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேஷத்தில் காட்டிய நாளிலிருந்து நம்மவர்கள் கேட்டு வரும் கேள்வி இது.

பழைய வித்தை மிக எளியது. சுங்குடிப் புடவைக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் துணியை அங்கங்கே முடிந்து மறைத்துவிட்டு மற்ற இடத்தைத் தோய்க்கிறார்கள் அல்லவா? அது போலத்தான். லென்ஸில் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு, நடிகரை அண்ணனாக நடிக்கச் சொல்வார்கள். மறைந்த பாதி பிலிமில் வெளிச்சம் படாது. பிறகு பிலிமை ஆரம்பத்துக்கே திருப்பிச் சுற்றி, மறு பாதியை மறைத்து, அவரையே தம்பியாக நிற்க வைத்துப் படம் பிடிப்பார்கள். இரு பாதிகளும் சேரும் இடம் ஒரு தூணாகவோ கதவோரமாகவோ இருந்தால் ஒட்டுத் தெரியாது. காமிரா மயிரிழை அசைந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். நடிகரின் கை எல்லையைத் தாண்டினால் கையே காணாமல் போகும்!

அப்படியானால் இருவரும் தொட்டுக்கொள்வது எப்படி? 1921-ல் ஹாலிவுட்டில் மேரி பிக்ஃபோர்ட் அம்மையார், 'லிட்டில் லார்ட் ஃபாண்டில்ராய்' படத்தில் தாயாகவும் நடித்தார். சிறுவனான மகனாகவும் நடித்தார். தாய் உயரமாகத் தெரிய, குதி உயர்ந்த பாதரட்சை அணிந்தார். மகன் தாயை முத்தமிடும் காட்சிக்காக ஒளிப்பதிவாளர் சார்லஸ் ராஷர் காமிராவை மணல் மூட்டைகளால் அசையாமல் நிறுத்தினார். திரையில் சில விநாடிகளே வரும் அந்த முத்தத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்தார்கள். அம்மையார் முத்தமிட்டது வெறும் காற்றை. பார்ப்பவர்களுக்கோ தாயும் பிள்ளையும்!

ஆனால் காற்றோடு எத்தனை நேரம் பேச முடியும்? எதிராளி எங்கே நிற்கிறார், எப்போது பேசி முடிப்பார் என்று தெரிந்தால்தானே பார்வையும் பதிலும் பொருந்தும்? அதற்காகத்தான் அதே உயரம், அதே உடல்வாகுள்ள ஒருவரை எதிரே நிறுத்துகிறார்கள். அவர் முதுகும் தோளும் தலைமுடியும் படத்தில் வரும், முகம் வராது.

1961-ல் வால்ட் டிஸ்னியின் 'தி பேரண்ட் டிராப்' படத்தில் ஹேலி மில்ஸ் என்ற சிறுமி, பிரிந்த பெற்றோரைச் சேர்த்துவைக்கும் இரட்டையராக நடித்தாள். 1965-ல் நம் குட்டி பத்மினி 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் நடித்து எல்லோரையும் உருக வைத்த அதே கதைதான். டிஸ்னி படத்தில் ஹேலிக்கு எதிரே நின்றவள் சூசன் ஹென்னிங் என்ற மற்றொரு சிறுமி. வசனத்துக்கு வசனம் ஈடு கொடுத்தாள். ஆயினும் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

இது அந்த வேலையின் விசித்திரம். முகம் தெரிந்துவிட்டால் வேலை கெட்டது. தெரியாவிட்டால் பெயர் இல்லை. நம் வீடுகளிலும் இப்படி நன்றாக நடந்தால் யார் கண்ணிலும் படாத வேலைகள் எத்தனையோ உண்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இன்று கறுப்பு அட்டை போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எதிரே நிற்கும் ஆளின் மேல் நட்சத்திரத்தின் முகத்தையே ஒட்டிவிடுகிறார்கள். ஆனாலும் எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை இரட்டை வேஷப் படம் பார்க்கும்போது, முகம் காட்டுகிறவரை ரசியுங்கள். முதுகு காட்டுகிறவருக்காகவும் ஒரு முறை கை தட்டுங்கள்.