மண் ஆணைக்குப் பணியுமோ?

உழுதலினும் எருவிடுதல் நன்றெனும் குறட்கருத்தை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு விரித்துரைத்தேன். அவ்வெரு மக்கிய எருவாதல் வேண்டுமென்பதைச் சென்ற ஆண்டே அறிந்தேன். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இரசாயன உரமின்றிக் கத்தரித் தோட்டமிடத் துணிந்து, பச்சைச் சாணத்தைப் பரப்பி மறுநாளே நாற்று நட்டேன். சாணத்தின் சூட்டில் நாற்றுக்கள் கருகின.

2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்த அரசாணையும் இப்பிழையையே செய்தது. அவ்வாண்டு முடியுமுன் ஆணை தளர்ந்தது, நட்டமோ உழவர்க்காயிற்று. நோக்கம் தவறன்று, குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை மெய்யே. ஆயினும் மண் ஆணைக்குப் பணியாது, பொறுமைக்கே பணியும்.

இவ்வாண்டு ஆடியிலே குழி வெட்டிப் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்து நீர் தெளித்தேன். குழை மாரிக்கு முன் மக்கும். ஓலை ஈரங் காக்கும். அதன் பின்னரே நாற்று. ஆணையிடுவோரும் முதலில் ஒரு பாத்தியேனும் பண்படுத்திப் பார்ப்பாராக.