துண்டுக்குள்ளே ஆறு

இந்த வாரம் எரிச்சல் ஒரு ஜெராக்ஸ் தாளில் வந்தது. எங்கள் தெருவில் தேங்காய் மஞ்சி மில் வைத்திருக்கும் நண்பரின் மகன் குவாங்சோவுக்குப் போகிறான். ஏப்ரல் 15-ல் அங்கே தொடங்கும் கேண்டன் சந்தையில் நார்க்கட்டு அமுக்கும் மிஷின் பார்க்க வேண்டுமாம். டிக்கெட் போட்ட இடத்தில் ‘முதன்முறை சீனா செல்வோர் கவனத்துக்கு’ என்று 24 அறிவுரைகள் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 11 சோற்றைப் பற்றியவை. பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, அவல், சின்னக் குக்கர். பன்னிரண்டாவது, ‘அவர்கள் எதையும் தின்பார்கள், ஜாக்கிரதை’.

2020 கணக்குப்படி 1 கோடியே 86 லட்சம் பேர் வாழும் ஊர் அது. கோவையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி அங்கே போய் இறங்குகிறவனுக்குக் குக்கர் விசில்தான் முதல் கவலையா?

“ஏனுங் மாமா, நீங்க போயிட்டு வந்தவருதானுங்? சொல்லுங்” என்றான். நான் போனது 2014 அக்டோபரில், ஒரே ஒரு தடவை, அதுவும் இன்னொருத்தர் செலவில் துணைக்கு. ஆனாலும் ஒருவன் கேட்டுவிட்டால் வாய் சும்மா இருக்குமா.

முதலில் சுடுதண்ணீர். என்னுடைய சுடுதண்ணீர்ப் புலம்பல் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு மனப்பாடம். ‘போதும் சாமி’ என்று ஒருத்தர் கார்டே போட்டுவிட்டார். நம்மூர் ஓட்டலில் சுடுதண்ணீர் கேட்டால் ‘உடம்புக்கு என்னுங்?’ என்கிறார்கள். அங்கே கேட்காமலே வருகிறது. ரயில் பெட்டியில்கூடக் கொதிநீர்க் குழாய் உண்டு. ஆளாளுக்குக் கையில் ஒரு பிளாஸ்க். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ஆவி பறக்க ஒரு கெண்டி டீ வைத்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு கெண்டி கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் பொறுக்கமாட்டாமல் எழுந்துவந்து செய்து காட்டினார். அந்தப் பக்கத்தில் முதல் டீ கிண்ணத்தையும் கரண்டியையும் குச்சியையும் அலசிக் கொட்டுவதற்காம்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். நான் போனபோது நோட்டு ஓடியது. இப்போது இளநீர் வாங்கினாலும் க்யூஆர் அட்டைதான். நம் ஜிபேயை நம்பிப் போகக் கூடாது. வெளிநாட்டில் செல்லுபடியாகும் வீசா அல்லது மாஸ்டர் கார்டை இங்கேயே அலிபேயில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கூகுளும் வாட்ஸப்பும் அந்த ஊர் வைஃபையில் திறக்காது. நம் சிம்மில் ரோமிங் போட்டால் பெரும்பாலும் திறக்கும். மெட்ரோவுக்குள் நுழையும்போதெல்லாம் பை ஸ்கேன் மிஷினுக்குள் போய்வரும். பாஸ்போர்ட் இல்லாமல் லாட்ஜும் இல்லை, ரயில் டிக்கெட்டும் இல்லை. சில கட்டடங்களில் லிஃப்டில் 4 என்ற பொத்தானே இருக்காது. நாலும் சாவும் அவர்கள் வாயில் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ‘வோ ச்சிர் சூ’ என்றால் சைவம். சொன்னாலும் கீரைமேல் கொத்துக்கறி தூவி வரலாம். அவ்வளவு கொஞ்சத்தைச் சிலர் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு, விரலால் எண் காட்டும் கணக்கை ஆரம்பித்தேன். “அது எதுக்குங் மாமா? போனே மொழிபெயர்க்குதுங்” என்றான். அங்கேதான் எனக்கு ஏறியது.

யீடெ சாலை என்று ஒரு மொத்த வியாபாரத் தெரு. பொம்மையும் கருவாடும் அடுத்தடுத்த கடைகளில். அக்கா பேத்திக்கு, சாவி கொடுத்தால் நடக்கும் வாத்து ஒன்றை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரப் பாட்டி நடுவிரல் மூன்றையும் மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, என் முகத்துக்கு நேரே ஆட்டினார். நம்மூரில் அந்தச் சைகைக்கு அர்த்தம் எந்த ஆம்பிளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணி காலை 10. எழுபது வயது அம்மாள் குடிக்கக் கூப்பிடுகிறாரே என்று விக்கித்து நின்றேன். என் முழியைப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். 6.

ஒற்றைக் கையிலேயே பத்துவரை எண்ணுகிறார்கள். மூன்று விரல் நுனியைக் கூட்டிப் பிடித்தால் ஏழு. துப்பாக்கி போல நீட்டினால் எட்டு. ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்தால் ஒன்பது. சீனாவின் பழைய மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் நீளமான சட்டைக்கைக்குள் கையைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசியிருக்கிறார்கள். நம்மவர்களுக்குச் சட்டைக்கை நீளம் கிடையாது, துண்டு இருந்தது.

அப்பாவுக்குச் செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு. கயிறு பிடிக்க என்னைக் கூட்டிப்போவார். பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்தபிறகு தோளில் கிடக்கும் துண்டு இறங்கும். இரண்டு கைகள் அதற்குள் போகும். அணில் பிள்ளையை மூடிவைத்த மாதிரி துண்டு துள்ளும். ஆனால் இரண்டு முகமும் மாட்டைப் பார்க்காது, ஆளையும் பார்க்காது. பாலக்காட்டு வியாபாரி வானத்தைப் பார்த்து மழை வருமா என்பார். அப்பா என்னைப் பார்த்து ‘காப்பி குடிச்சயா கண்ணு?’ என்பார். உள்ளே ஆயிரங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு விரல் பிடித்தால் ஒன்று. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். ஐந்தையும் சேர்த்து அமுக்கிவிட்டு இன்னொரு விரலைப் பிடித்தால் ஆறு. படியாத விலை துண்டோடு போச்சு. அடுத்து வருகிறவருக்கு அது தெரியாது, விற்கிறவருக்கும் தலைக்குனிவில்லை.

அப்பாவுக்கு வலது மோதிர விரலில் கால்வாசி கிடையாது, கரும்பு ஆலையில் போனது. ‘கவுண்டர் நாலு பிடிச்சா மூணேமுக்கால்னு அர்த்தம்’ என்று சந்தையில் கேலி செய்வார்கள். அந்தக் கால் பாகத்துக்காகவே அவரைத் தேடிவந்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் சொல்லி, பையன் கையை இழுத்து என் துண்டைப் போட்டு மூடினேன். உள்ளே அமுக்கினேன். கூச்சத்தில் நெளிந்தான்.

“ஒம்பதுங்களா மாமா?”

“ஏழு.”

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவன் அப்பன் நிமிராமலே, “ரெண்டாயிரம் போச்சு” என்றார்.

நாலைந்து முறை பிடித்துப் பழகினான். சீனத்து ஆறை மட்டும் போட வெட்கப்பட்டான், அம்மா பார்த்துவிடுவார் என்று. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். குக்கர் பெட்டிக்குள் போய்விட்டதாம்.